இறங்காத ஜன்னல்

எங்கள் காரின் இடது பின் கதவில் ஜன்னல் சுவிட்ச் இருக்கிறது. ஜன்னல்தான் இறங்காது. அழுத்தினால் முன்பக்கம் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து 'பீங்' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். போன மாதம் சங்ககிரியில் சர்வீசுக்கு விட்டபோது எலக்ட்ரீசியன் கதவைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஏனுங்கக்கா, எவனோ ஒயரை மாத்திக் குடுத்து வெச்சிருக்கானுங்க. நான் சரி பண்ணிடறனுங்க" என்றார். "அந்த எவனோ எங்க மாமனாருங்க. அதுல மட்டும் கை வெச்சுராதீங்க" என்றேன். கொஞ்சம் கத்தியே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மனிதர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டார்.

மாமா காலமெல்லாம் லாரி ஓட்டியவர். லாரியை விட்டு இறங்கியதும் வாங்கிய பழைய கார் இது. அத்தைக்கு முன் இருக்கை என்றாலே உதறல். எப்போதும் இடது பின் இருக்கைதான். அங்கே உட்கார்ந்துகொண்டு வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வருவார். "ஏனுங்க, மெல்லப் போங்க. பஸ்ஸு நிக்குது பாருங்க. ஐயோ, ஆடுங்க!" மாமாவுக்குச் சுரீரென்று வந்துவிடும். "இந்தியா பூரா லாரி ஓட்டுனவனுக்கு இவ பாடம் எடுக்கறா. வாய மூடிட்டு வா புள்ள!" சங்ககிரியிலிருந்து நாமக்கல் போய்ச் சேர்வதற்குள் முன் இருக்கையில் இருக்கும் எனக்குத் தலைவலி மாத்திரை தேவைப்படும்.

பிறகு ஒருநாள் அத்தைக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன. பேச்சு அடியோடு போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் புரியும், வாயில் ஒரு வார்த்தை வராது. விடாமல் பயிற்சிக்கு அழைத்து வந்தால் நடந்துவிடுவார், இப்போது விட்டால் கஷ்டம் என்று நாமக்கல் டாக்டர் சொன்னார். ஆனால் அத்தை காரில் ஏற மாட்டேன் என்றுவிட்டார். கதவருகே கொண்டுபோனால் இடது கையால் விளிம்பைப் பிடித்துக்கொள்வார். எங்களால் அந்தப் பிடியை விடுவிக்க முடியாது. வீம்பு என்று என் கணவர் நினைத்தார். வலியோ என்னவோ என்று நான் நினைத்தேன். மாமாவுக்குத்தான் புரிந்தது. "ரோட்டுல எது வந்தாலும் இனி அவளால சொல்ல முடியாதுல்ல சாமி. அந்தப் பயம்" என்றார். காருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "வாய மூடு, வாய மூடுன்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன், பாவி" என்று அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் காலையில் கதவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஜன்னல் மோட்டாருக்குப் போகும் ஒயரைத் துண்டித்து, கால் மிதியடிக்கு அடியில் புதிய ஒயர் இழுத்து, முன்னால் கொண்டுபோய் எதிலோ இணைத்தார். லாரிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பின்னால் நிற்கும் கிளீனர் லாரியின் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால் நிறுத்து, இரண்டு தட்டினால் எடு. மாமா அத்தையின் இடது கையைப் பிடித்துச் சுவிட்சின் மேல் வைத்தார். "இனிமே நீதான் புள்ள எனக்குக் கிளீனரு. ஒரு அமுக்கு அமுக்குனா நிப்பாட்டறேன். ரெண்டு அமுக்குனாத்தான் எடுப்பேன்." அத்தை அவரையும் சுவிட்சையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் விளிம்பைப் பிடிக்காமல், எங்கள் கைத்தாங்கலில் ஏறி உட்கார்ந்தார்.

ஆனால் லாரிக்காரர் புத்தி எங்கே போகும்? வீட்டில் கிடந்த லாரி ஹாரனை அல்லவா மாட்டிவைத்திருந்தார்! நாமக்கல் ரோட்டில் மொபெட்டில் ஒருவர் குறுக்கே வந்ததும் அத்தை அழுத்திவிட்டார். ஹாரன் அலறிய அலறலில் அந்த மனிதர் மொபெட்டோடு மண்ணில் இறங்கி நின்று, எங்கள் சின்னக் காரை மேலும் கீழும் பார்த்தார். "ஏனுங்க, லாரி எங்கீங்க?" என்று கேட்டார். பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. திரும்பினால் அத்தை ஒரு பக்க வாயால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். நோய் வந்தபின் அதுதான் முதல் சிரிப்பு. அன்று மாலையே ஹாரனை எடுத்துவிட்டு இந்தச் சின்ன பஸ்ஸரை மாமா மாட்டினார்.

அதற்குப் பிறகு அத்தை கொடுத்த பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆட்டுக்கு ஒரு பீங், பஸ்ஸுக்கு ஒரு பீங். கரும்பு டிராக்டர் தூரத்தில் தெரிந்தாலே பீங். "பேசுனப்பவே தேவலைடா சாமி" என்று மாமா அலுத்துக்கொள்வார். ஆனால் ஒவ்வொரு முறையும் நிறுத்துவார். பயிற்சிக்குப் போகப் போக அத்தை கோலூன்றி நடந்தார். பேச்சு மட்டும் திரும்பவே இல்லை. சில வருடங்கள் கழித்து மறுபடியும் வாதம் வந்தபோது அவரைக் காப்பாற்ற முடியவில்லை.

பரமத்தி வேலூரில் காவிரியில் சாம்பலைக் கரைத்துவிட்டு வந்தோம். மாமா சாவியை என்னிடம் நீட்டிவிட்டதால் நான்தான் ஓட்ட உட்கார்ந்தேன். ஈர வேட்டியோடு கணவர் என் பக்கத்தில் இருந்தார். மாமா யாரிடமும் கேட்காமல் அத்தையின் இடத்தில் போய் உட்கார்ந்தார். வண்டியைக் கிளப்பிவிட்டேன், நகர்த்த முடியவில்லை. கண்ணீரில் ரோடே தெரியவில்லை. டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து ஒரு முறை சத்தம் வந்தது. கொஞ்சம் பொறுத்து, இன்னொரு முறை. நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் கியர் போட்டேன்.

இன்றும் அவர் அந்த இடத்தில்தான் உட்காருகிறார். ஏசி வேலை செய்யாத இந்தக் காரில், சித்திரை வெயிலிலும், இறங்காத ஜன்னலுக்குப் பக்கத்தில், துண்டால் விசிறிக்கொண்டு வருவார். நான் வண்டியைக் கிளப்பிவிட்டுக் காத்திருப்பேன். இரண்டு தடவை கேட்ட பிறகுதான் எடுப்பேன்.