பெயர் வெட்டாத பட்டியல்

ஜூலியஸுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் பூசை, அதற்குப் பிறகு நித்திரை. மிச்ச ஆறு நாளும் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் சர்க்கியூட் போர்டுகளை ஒஸ்சிலோஸ்கோப்பில் கொழுவி, திரையில் ஓடும் பச்சைக் கோட்டைப் பார்த்து நல்லது, பழுது என்று பிரிப்பார். கண்ணை மூடினாலும் அந்தக் கோடு ஓடும். அப்படிப்பட்டவர், தொழிற்சாலை கழித்துவிட்ட ஸ்கோப் ஒன்றைச் சமையலறை மேசையில் ஏற்றி, செத்துப்போன கொம்பியூட்டர் ஒன்றை மூன்றாவது ஞாயிறாகக் குடைந்துகொண்டிருந்தார். அலுப்பு எலும்பு வரைக்கும் இறங்கியிருந்தது. ஆனாலும் விட முடியவில்லை.

அதை எழுப்பித் தரச்சொல்லிக் கேட்டவர், அதே ஊரில் வோபர்ன் பக்கம் இருக்கும் யோகராணி. தொண்ணூறாம் ஆண்டு மன்னார்ப் பக்கத்து அகதி முகாமொன்றில் ஜூலியஸ்தான் பதிவு எழுதியவர். தொண்டு நிறுவனம் கொடுத்த, தையல் மெசின் கனத்தில் ஒரு கைக் கொம்பியூட்டரில், சனத்தின் பெயர், வந்த நாள், போன நாள் எல்லாம் பதியவேண்டும். முகாம் மூடியபோது, குப்பையில் போட மனமில்லாமல் அதைக் கனடா வரைக்கும் சுமந்து வந்து அலுமாரிக்குள் வைத்தவரும் அவரே.

யோகராணியின் கணவர் சச்சிதானந்தன் தன் தாயோடு அந்த முகாமில் இருந்தவர். யோகராணி அதற்கு முன்பே பிள்ளைகளோடு வள்ளமேறி இந்தியாவுக்குப் போயிருந்தார். முகாமை விட்டு ஒருநாள் வெளியே போன மனிதர் திரும்பவேயில்லை. அது எந்த நாள் என்று சொல்ல இப்போது தாயும் உயிரோடு இல்லை.

"போன நாளையே திதியா வைக்கலாம் எண்டு ஐயர் சொல்லிப்போட்டார், தம்பி. ஒரு நாள் தெரிஞ்சால் காணும். பொட்டை வைக்கிறதோ அழிக்கிறதோ எண்டு தெரியாமல் ஆறு வருசமாக் களைச்சுப் போனன்," என்றார் யோகராணி.

முகாம் பதிவுகள் இருந்த டிஸ்குகளை வேறெந்தக் கொம்பியூட்டரும் வாசிக்கவில்லை. இதைத்தான் எழுப்ப வேண்டும். முதல் ஞாயிறு சிப்புகளில் துடிப்பைத் தேடினார். ஸ்கோப்பில் கோடு சும்மா நேராகக் கிடந்தது. அடுத்த ஞாயிறு, ஐந்து வோல்ட் வரவேண்டிய இடத்தில் நாலுகூட வரவில்லை, வந்ததும் வாள்பல்லுப் போல நடுங்கியது. மின்சாரத்தைச் சீராக்கும் கப்பாசிற்றர் போய்விட்டது என்று இரண்டை மாற்றினார். அதே நடுக்கம்.

இன்றைக்குச் சலித்துப்போய் மெசினைத் திருப்பியபோது, பின்பக்கம் ஒட்டியிருந்த கறுப்பு ஒட்டு ரேப் கண்ணில் பட்டது. அவரே ஒட்டியது. முகாமில் எவனோ வோல்ட் மாற்றும் சுவிச்சைத் தட்டி இன்னொரு மெசினைப் புகைத்துவிட்டான். அதனால் 230இல் நின்ற சுவிச்சை யாரும் தொடாதபடி மூடியிருந்தார். கனடாச் சுவரில் வருவதோ 120. பாதிப் பட்டினியில் மெசின் எப்படி எழும்பும்? தன்னையே வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டு ரேப்பை உரித்து, சுவிச்சைத் தள்ளினார். ஸ்கோப்பில் கோடு ஐந்தில் அசையாமல் நின்றது.

தனியாகப் பார்ப்பது முறையில்லை என்று பட்டதால் யோகராணிக்கு ரெலிபோன் எடுத்தார். இரண்டு பஸ் மாறி வந்தவர் குளிர்க்கோட்டைக்கூடக் கழற்றாமல் மேசையருகே நின்றார்.

சின்னத் திரையில் பச்சை எழுத்தில் சச்சிதானந்தனின் பெயர் வந்தது. வந்த நாள் இருந்தது. போன நாள் வெறுமை. மேலே தேடினார், கீழே தேடினார். எல்லோருக்கும் வெறுமை. அப்போதுதான் ஜூலியஸுக்கு நினைவு வந்தது.

"எந்த நாள், தம்பி? கண்ணாடி கொண்டு வரேல்லை. நீரே வாசியும்."

வாயில் ஏதோ ஒரு திகதி வந்தேவிட்டது. விழுங்கிக்கொண்டார்.

"நாள் இல்லை, அக்கா. நான்தான் பதியேல்லை. போனவை எண்டு பதிஞ்சால் அவையின்ரை நிவாரணத்தை வெட்டிப்போடுவினம். அதாலை ஒருத்தற்றை பேரையும் நான் வெட்டேல்லை."

யோகராணி திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

"அப்ப மாமிக்கு ரெண்டு பேற்றை அரிசியும் கிடைச்சதோ?"

"முகாம் மூடுமட்டும் கிடைச்சது."

"அவர் இருந்தாலும் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார்," என்றார் யோகராணி. பிறகு திரையில் அந்தப் பெயர் எங்கே இருக்கிறதென்று கேட்டு, ஜூலியஸ் காட்டிய இடத்தில் விரலை வைத்தார். "நிப்பாட்டாதையும், தம்பி. கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

ஜூலியஸ் கதிரையை இழுத்துப் போட்டார். யோகராணி குளிர்க்கோட்டைப் போட்டபடியே அதில் இருந்தார்.