லம்பர்ட் ஜம்பர் கேபிள் கேட்ட காலை

“ஜம்பர் கேபிள் இருக்கா, ட்ரூடி?” என்று லம்பர்ட் ஸ்வோபோடா வந்து கேட்டபோது, அவன் ஓட்டும் பால் லாரியின் செத்த பேட்டரிக்கு என் டிரக்கிலிருந்து கரண்ட் கொடுக்கத்தான் கேட்கிறான் என்று நினைத்தேன். விமானத்துக்காம்.

வேறு யாராவது கேட்டிருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். நெப்ராஸ்காவில் சோளக்காட்டுக்கு நடுவே இருக்கும் எங்கள் புல் ஓடுதளத்தில், வீட்டிலேயே சொந்தமாக விமானம் கட்டிய பைத்தியங்கள் சிலபேர் உண்டு. பேட்டரி விஷயத்தில் அத்தனை பேரையும் மிரட்டி வைத்திருந்தவன் லம்பர்ட்தான். ஏனென்றால் அவன் போட்டிருந்தது காரிலிருந்து பிரித்தெடுத்த இன்ஜின். பழைய விமான இன்ஜின் என்றால் காற்றாடியைக் கையால் சுழற்றியே கிளப்பிவிடலாம், பேட்டரி இல்லாமலும் ஓடும். இவனுடையதில் தீப்பொறியும் பெட்ரோல் பம்பும் கரண்டை நம்பித்தான் இருந்தன. கரண்ட் நின்றால் இன்ஜின் நிற்கும். தரையில் நின்றால் இறங்கி ஒரு உதை விடலாம். ஆயிரம் அடி உயரத்தில் நின்றால் எதை உதைப்பது?

ஓடும்போது ஆல்டர்னேட்டர் கரண்ட் கொடுக்கும்தான். அது மக்கர் பண்ணினால் பத்திரமாக இறங்கும்வரை தாங்கிப் பிடிப்பது பேட்டரி. அடியோடு செத்த பேட்டரி தாங்காது. அதனால் லம்பர்ட் ஒரு சட்டமே போட்டிருந்தான்: செத்த பேட்டரிக்கு ஜம்பர் கொடுத்துக் கிளப்பிக்கொண்டு மேலே போகக்கூடாது, கழற்றி ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டுச் சோதித்துவிட்டுத்தான் போக வேண்டும். மருந்துக்கடை ட்வேனின் விமானத்திலும் அதே மாதிரி கார் இன்ஜின்தான். போன வருஷம் அவன் அப்படிக் கிளப்பிக்கொண்டு புறப்பட்டபோது, இவன் ஓடுதளத்தின் நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றுவிட்டான். “என்மேல ஏத்திட்டுப் போ” என்றான். ட்வேன் லம்பர்ட்டோடு ஒரு மாதம் பேசவில்லை.

அந்த மனுஷன்தான் இப்போது என் கொட்டகை வாசலில் நின்று கேபிள் கேட்கிறான்.

“எதுக்கு?” என்றேன்.

“காலைச் சாப்பாட்டுக்கு. எல்லாரும் போயாச்சு.”

மாதத்தின் முதல் சனிக்கிழமை பக்கத்து ஓடுதளத்தில் பான்கேக் போடுவார்கள். எங்கள் ஆட்கள் எல்லோரும் பறந்துதான் போவார்கள். காரில் போனால் அரைமணி நேரம்தான், ஆனால் அப்படிப் போனால் கேலி தாங்க முடியாது. அன்றைக்கு நான் மட்டும் வயலுக்கு மருந்தடிக்கும் விமானம் ஒன்றைப் பழுதுபார்க்கப் பிரித்துப் போட்டுக்கொண்டு கொட்டகையிலேயே கிடந்தேன். அதுதான் என் பிழைப்பு.

“என் வண்டியிலேயே போலாம் வா. நான் ஓட்டறேன்” என்றேன்.

“கேபிள் இருக்கா இல்லையா?”

இருந்தது. கொடுக்காவிட்டால் எங்கேயாவது ஒரு கேபிளைத் தேடிப் பிடித்துப் பால் லாரியை ஓட்டிக்கொண்டு வருவான், தெரியும். நானே பக்கத்தில் நிற்பதே மேல் என்று கேபிளைத் தூக்கி என் டிரக்கில் போட்டேன்.

லம்பர்ட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் ஒன்றுமில்லை. பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுக்கிற லாரி ஓட்டுகிறான். அப்பா பண்ணையை விற்றபோது இவன் வாய் திறக்கவில்லை, மாடுகளை ஏற்றிவிட்டுச் சாப்பிட வந்தானாம். பள்ளிக்கூடத்துச் சமையல்காரி ஆர்டிஸைக் கட்டிக்கொண்டான். பிள்ளை இல்லை. ஆர்டிஸ் இவனுக்கு நேரெதிர். அவள் சிரித்தால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கேட்கும். கசகசா வைத்து அவள் சுடும் கொலாச்சி ரொட்டிக்காக ஓடுதளத்து ஆம்பிளைகள் வெட்கமில்லாமல் வரிசையில் நிற்பார்கள்.

விமானத்தை இரண்டு பேரும் சேர்ந்துதான் கட்டினார்கள். வருஷக்கணக்கில் ஆயிற்று. இறக்கையை நிலவறையில் வைத்துக் கட்டிவிட்டு, வெளியே எடுக்க முடியாமல் ஜன்னலை இடித்தார்கள். அலுமினியத் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி அடிக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் வெளியிலிருந்து சுத்தியல் துப்பாக்கியால் அடிக்க, இன்னொருவர் உள்ளே கையை விட்டு ஒரு இரும்புக் கட்டியை முட்டுக் கொடுத்துப் பிடிக்க வேண்டும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. நேரம் தப்பினால் தகடு சொட்டையாகிவிடும். லம்பர்ட் வாழ்க்கையில் பேசிய பேச்சில் பாதி அந்தத் தகட்டோடு பேசியதுதான். “பிடிச்சிருக்கியா?” என்பான். “பிடிச்சுத் தொலைச்சேன், அடி!” என்று உள்ளேயிருந்து ஆர்டிஸ் கத்துவாள். ஆயிரக்கணக்கான ரிவெட். சண்டையும் ஏறக்குறைய அவ்வளவே.

இந்த வருஷம் பிப்ரவரியில் ஆர்டிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் விழுந்தாள். எழுந்திருக்கவில்லை.

அடக்கத்தன்று லம்பர்ட் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை லாரியை எடுத்தான். அவள் துணிமணிகளை மூட்டை கட்டிச் சர்ச்சில் கொடுத்தான். யார் கேட்டாலும் “நல்லாத்தான் இருக்கேன்” என்றான். மனசு உறுதியான ஆள் என்று ஊரே மெச்சியது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒருநாள் அவன் வீட்டுக்குப் போனேன். சமையல் மேடைக்கு முன்னால் நின்றுகொண்டு டப்பாவிலிருந்து பீன்ஸ் தின்றுகொண்டிருந்தான், சூடுகூடப் பண்ணவில்லை. “உக்காந்து தின்னா என்னய்யா?” என்றேன். உட்கார்ந்தான். உட்காரச் சொன்னதால் உட்கார்ந்தான், அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் எல்லாம் செய்தான். சக்கரங்களுக்கு முன்னால் கட்டை வைத்தான், வாலைக் கயிற்றால் கொட்டகைத் தூணில் கட்டினான், இருக்கைக்குப் பின்னால் இருந்த மூடியைக் கழற்றினான். பேட்டரி அங்கேதான் இருக்கிறது. நான் டிரக்கை இறக்கைக்குப் பின்னால் நிறுத்திவிட்டுச் சிவப்பைச் சிவப்போடு மாட்டினேன், கறுப்பைச் சட்டத்தில் கடிக்க வைத்தேன். மாட்டியதுதான் தாமதம், முன்பலகையில் விளக்குகள் குப்பென்று எரிந்தன. அவன் இன்னும் உள்ளே ஏறவே இல்லை. ஒரு ஸ்விட்சையும் தொடவில்லை.

“கொஞ்ச நேரம் சார்ஜ் ஏறட்டும்” என்றேன்.

“வேணாம்.”

“சரி, கிளம்புதான்னு பாத்துட்டு அணைச்சிடு. இன்னிக்கு மேல போகாத.”

ஏறி உட்கார்ந்தான். தோள் பெல்ட்டை மாட்டி இறுக்கினான். வெறுமனே கிளப்பிப் பார்ப்பவன் எதற்குப் பெல்ட் மாட்டுகிறான்? இன்ஜின் இரண்டு சுற்றுச் சுற்றி இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

“கழட்டு!” என்று கத்தினான்.

கேபிளின் இரண்டு முனையும் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. கழற்றினால் விமானம் அந்தச் செத்த பேட்டரியோடு தனியாக நிற்கும். கயிற்றை அவிழ்த்துக் கட்டையை உதைத்தால் போய்விடும்.

“மாட்டேன்!” என்று நானும் கத்தினேன்.

“ட்ரூடி, கழட்டு.”

“யோவ், நீ போட்ட சட்டம்யா இது! ட்வேன் முன்னாடி போய் மறிச்சது யாரு? நானா?”

“கழட்டு.”

“செத்துப் போகணும்னு இருக்கா? வாயைத் தொறந்து சொல்லு!”

கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு எனக்கே பயமாகிவிட்டது. அவன் கோபப்படவில்லை. காப்பி வேண்டுமா என்று கேட்டதுபோல யோசித்தான். பிறகு இன்ஜின் வேகத்தைக் குறைத்தான், நான் சொல்வது கேட்கட்டும் என்றோ, அவன் சொல்வது எனக்குக் கேட்கட்டும் என்றோ.

“அப்படில்லாம் இல்ல. சாகணும்னும் தோணல. இருக்கணும்னும் தோணல. எதுவுமே தோணல, ட்ரூடி. பிப்ரவரிலேருந்து பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு. மேல போனா பயமாவது வருதான்னு பாக்கலாம்னு.”

நான் ஏதாவது நல்லதாகச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வராது. கோபம்தான் வரும்.

“பேட்டரி எப்படிச் செத்துது? நீ இல்ல இந்த ஊருக்கே வாத்தியாரு? மாஸ்டர் ஸ்விட்சைப் போட்டபடி விட்டுட்டுப் போனியா?”

“ஆமா.”

“எப்போ?”

“ஏப்ரல்ல ஒருநாள் பறந்தேன். தனியா. எறங்கி உள்ள கொண்டாந்து விட்டு, இன்ஜினை அணைச்சேன். எறங்கிக் கதவைச் சாத்திட்டுப் போயிட்டேன்.”

“ஸ்விட்ச்?”

“ஏறும்போது போடறது நான். அணைக்கறது அவ வேலை.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேட்டரியிலிருந்து வரும் மொத்தக் கரண்டையும் நிறுத்துகிற மாஸ்டர் ஸ்விட்ச் இந்த விமானத்தில் வலது ஓரத்தில் இருக்கிறது, ஆர்டிஸ் இருக்கைப் பக்கம். ஓட்டுகிறவனுக்கு எட்டாத இடத்தில் யாரும் அதை வைப்பதில்லை. அவள்தான் அடம்பிடித்து வைக்கச் சொன்னாளாம், வெறும் மூட்டை மாதிரி உன்னோடு வர மாட்டேன் என்று. தரையிறங்கியதும் இவன் இன்ஜினை நிறுத்துவான். அவள் ஸ்விட்சைத் தட்டி, கொட்டகையே அதிர “மாஸ்டர் ஆஃப்!” என்பாள். அந்தச் சத்தம் கேட்டபிறகுதான் இவன் இறங்குவான். எத்தனை வருஷப் பழக்கம்!

“இன்னிக்கு வந்து பாத்தேன். ஸ்விட்ச் போட்டபடியே இருக்கு. அதைப் பாத்துமே ஒண்ணும் தோணல” என்றான். “நான் அதைத் தொடல.”

நான் அந்த ஸ்விட்சைப் பார்த்தேன். ஆனாலும் விடவில்லை.

“நான் கழட்டமாட்டேன், லம்பர்ட். நீ எறங்கி வந்து கழட்டணும்னா அணைச்சிட்டு வா. இல்ல, இந்த டிரக்கையும் இழுத்துக்கிட்டு மேல போ.”

அவன் முன்னால் ஓடுதளத்தைப் பார்த்தான். பிறகு அவன் கை பெட்ரோல் பம்பை அணைத்தது, தீப்பொறியை அணைத்தது. காற்றாடி தயங்கித் தயங்கி நின்றது. சோளக்காட்டுப் பறவைகளின் சத்தம் கேட்டது.

விளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. அவன் இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதற்காக உட்கார்ந்திருக்கிறான் என்று எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் என் கை தானாக ஸ்விட்ச் பக்கம் போனது, பாதியிலேயே இழுத்துக்கொண்டேன். நான் செய்கிற வேலை இல்லை அது.

லம்பர்ட் வலது பக்கம் கையை நீட்டினான். தோள் பெல்ட் பிடித்து நிறுத்தியது. இன்னொரு தடவை நீட்டினான், எட்டவில்லை. பெல்ட்டைக் குனிந்து பார்த்தான். பிறகு அவிழ்த்துவிட்டு, அவள் இருக்கைக்குக் குறுக்கே சாய்ந்து, ஸ்விட்சைக் கீழே தள்ளினான்.

“மாஸ்டர் ஆஃப்” என்றான். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

விளக்குகள் அணைந்தன. அவன் நிமிரவில்லை. அவள் இருக்கையில் முகத்தைப் புதைத்தபடி அப்படியே கிடந்தான். நான் பின்னால் நின்றேன். முதுகு மட்டும்தான் தெரிந்தது.

“லம்பர்ட்” என்றேன்.

“போயிட்டா, ட்ரூடி” என்றான், அன்றைக்குத்தான் சேதி வந்தவன்போல.