அப்பா கரையில் நின்ற நாள்

அந்த லாஞ்சியின் சுக்கான் சக்கரத்துப் பித்தளைப் பூண்களைப் புளி போட்டுத் தேய்த்தவன் நான்தான். தேய்க்கும்போதெல்லாம் லாஞ்சி முதலாளியின் முகம்தான் எதிரே வரும். கை இன்னும் அழுத்தும்.

யுத்தத்துக்கு முன்னால் அதே லாஞ்சியில் என் அப்பா சுக்கானி. ஒரு நாள், கடற்பாலத்தில் நின்ற சம்பந்தக்காரர்கள் பார்க்கட்டும் என்று முதலாளி சக்கரத்தைத் தானே வாங்கிக்கொண்டு, பாலத்திலிருந்து ஆள் தெரியும் தூரத்துக்கு வருமுன்பே லாஞ்சியைப் பாரில், கடலடிப் பாறையில், ஏற்றினார். கரைக்கு வந்ததும் அப்பாவைக் கைகாட்டினார். அதன்பின் யாரும் அப்பாவைக் கடலுக்குக் கூப்பிடவில்லை. கடலையே பார்த்து வாழ்ந்தவர் உப்பளத்தில் உப்பு வாரினார். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயரே ‘பார்ல ஏத்துனவன் மவன்’ என்பதுதான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளி இறுதி வரை படித்தவன் என்ற பெருமை அந்த ஒரு சொல்லில் கரைந்துவிடும்.

யுத்தம் முடிந்ததும், கரையில் காய்ந்து கிடந்த லாஞ்சி நான் வேலைபார்த்த பட்டறைக்கு வந்தது. பலகை இடுக்குகளில் பஞ்சும் குங்கிலியமும் அடைத்தோம். இன்ஜினைக் கழற்றிப் பூட்டியது நான். வெள்ளோட்டத்தன்று பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்தார். பழுது பார்த்த படகின் முதல் ஓட்டத்தில் சொந்தக்காரரே சுக்கான் பிடிப்பது எங்கள் வழக்கம். பக்கத்தில் நின்று ஒரு சுக்கானி அடையாளம் சொல்லுவார். முதலாளி சுக்கானி வேண்டாம் என்றுவிட்டார். துறைமுக அதிகாரியையும் இரண்டு வியாபாரிகளையும் ஏற்றிக்கொண்டார். இன்ஜினைப் பார்க்க நானும் ஏறினேன்.

“அப்பன் ஒடைச்சத மவன் ஒட்டிருக்கான், பாத்தியளா?” என்று என்னைக் காட்டிச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

போனது நன்றாகத்தான் போனது. திரும்பும்போது மாதா கோயில் கோபுரம் பண்டகசாலைக் கூரைக்குப் பின்னால் மறையும்வரை நேரே ஓட வேண்டும். அதற்குப் பிறகே பாலத்தை நோக்கித் திருப்பலாம்; முந்தித் திருப்பினால் அதே பார்தான் என்று அப்பா சொல்லித் தந்த அடையாளம் அது. பாலத்தில் கூட்டம் கையசைத்தது. கோபுரம் முழுசாகத் தெரியும்போதே முதலாளி சக்கரத்தைச் சுற்றத் தொடங்கினார். என்னையறியாமல் எழுந்தேன்.

“ஏலே, படிச்சவனே, நீ இன்ஜினப் பாரு. கடல நான் பாத்துக்கிடுதேன்.”

உட்கார்ந்துவிட்டேன். ஒரு சொல் போதும், படகு தப்பியிருக்கும். அந்தச் சொல்லைப் பல்லுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வேகத்தை மட்டும் குறைத்தேன். ஆள் சாக வேண்டாம், மானம் போனால் போதும்.

அடியில் கரகரவென்று சத்தம் கேட்டது. லாஞ்சி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. வியாபாரி ஒருவரின் தொப்பி கடலில் விழுந்தது. முதலாளி சக்கரத்தைப் பிடித்தபடியே திரும்பி என்னைத் தேடினார்.

“என்னலே செஞ்ச இன்ஜின?”

“இன்ஜின்ல கொறயில்ல மொதலாளி. இன்னைக்கு எங்கப்பா கரையிலதான் நிக்காவ.”

யாரும் சிரிக்கவில்லை. தொப்பி போன வியாபாரி மெதுவாகக் கேட்டார்: “அப்போ அன்னைக்கும் நீருதானா வே சுக்கான் பிடிச்சீரு?” முதலாளி சக்கரத்தை விட்டுவிட்டு, எங்களை ஏற்ற வந்த தோணியைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அந்தக் கேள்வி எங்களுக்கு முன்பே பாலத்துக்குப் போய்ச் சேர்ந்ததுபோல, நாங்கள் மீட்புத் தோணியில் வந்து இறங்கியபோது பழைய மாலுமிகள் அப்பாவைச் சுற்றி நின்றார்கள்.

அப்பா இப்போது வேறொருவர் லாஞ்சியில் சுக்கானி. முதலாளி ஞாயிறுதோறும் கோயிலில் எங்களுக்கு முன்வரிசையில் முழந்தாளிடுகிறார். அவர் பிடரியைப் பார்த்தால் இன்றும் எனக்குள் இனிக்கிறது. மாதாமாதம் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். சின்னப் பொய்களைக்கூட விடாமல் சொல்கிறேன். இதைச் சொன்னதில்லை. பாவமாகத் தோன்றினால்தானே சொல்வதற்கு?