புதன்கிழமை மூட்டைகள்

“தடுக்கி விழுந்தா லாட்ஜ். குன்னூர் பஜாருக்கு இன்னொண்ணு எதுக்கு அம்மணி?” என்றார், நான் வாடகைக்குக் கேட்ட மாடிக் கட்டடத்தின் உரிமையாளர். தேயிலை பறிக்கும் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். விடுதி நடத்துவதைத்தான் படித்தேன். ஆனாலும் என் சேமிப்பு முழுவதையும் அதில் போடவிருந்ததால் அந்தக் கேள்வி உறுத்தியது.

பஜார் லாட்ஜுகளுக்கெல்லாம் துணி வெளுக்கும் லாண்டரிக்காரரிடம் போனேன். குரங்குக் குல்லாவும் ஊறிச் சுருங்கிய விரல்களுமாக இருந்தார். ஒவ்வொரு விரிப்பையும் கன்னத்தில் ஒற்றிப் பார்த்த பிறகே மடித்தார்.

“இந்தக் குளிர்ல ஈரம் கைக்குத் தெரியாதுங்க, கன்னத்துக்குத்தான் தெரியும்.”

“இங்க இன்னொரு லாட்ஜ் ஓடுங்களாண்ணா?”

“சனி, ஞாயிறு கூட்டத்தப் பாத்து ஏமாந்துறாதீங்க அம்மணி. அன்னிக்குக் கார் செட்டுலகூட ஆளு படுத்துக்கும். இன்னிக்கு புதன், இதப் பாருங்க.”

மூலையில் ஐந்து பெரிய மூட்டைகள் இருந்தன. முந்தைய இரவு லாட்ஜுகளில் தங்கியவர்களின் விரிப்புகள். தேயிலை ஏலத்துக்கு வந்தவர்கள், ஹாஸ்டல் பிள்ளைகளைப் பார்க்க வந்த பெற்றோர், மருந்துக் கம்பெனிக்காரர்கள் என்று வார நடுவிலும் வருகிறவர்களை அடுக்கினார்.

“சின்னதாப் போட்டா நிக்குமுங்க. பெருசாப் போட்டீங்கன்னா சீசன் முடிஞ்சதும் நீங்களே ரூம் ரூமா மாறிப் படுத்துக்கோணும்” என்று சிரித்தார்.

பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். இவ்வளவு சொன்னவர், என் லாட்ஜ் துணியைத் தனக்குத் தரும்படி ஏன் கேட்கவில்லை என்பது மட்டும் இன்றும் புரியவில்லை.

மறுநாளே எட்டு அறைகள் என்று எழுதி, லாட்ஜ் உரிமத்துக்கு நகராட்சியில் விண்ணப்பம் கொடுத்துவிட்டேன்.