சீராக வீசாத காற்று

சூரியனைவிடப் பல மடங்கு எடையும் சூடும் கொண்ட நீல நட்சத்திரங்களிலிருந்து ஓயாமல் காற்று வீசுகிறது. அவற்றின் வெளிச்சமே மேற்பரப்பு வாயுவைத் தள்ளி வெளியே விரட்டுகிறது. எண்பதுகளின் தொடக்கத்தில், ராஜபாளையத்தில் கல்லூரி ஆசிரியராக இருந்துகொண்டே, அப்படி ஒரு நட்சத்திரத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கினேன். அதன் காற்று சீரானது என்பது என் முடிவு. சீராக இல்லை என்று காட்டிய கண்ணாடிப் புகைப்படத் தகடுகளைத் துணியில் சுற்றி வீட்டு பீரோவில் வைத்துவிட்டேன்.

சில ஆண்டுகளில் என் மாணவன் ஒருவன் அதே நட்சத்திரத்தை ஆய்வுக்கு எடுத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வீட்டுக்கு வந்தான்.

“சார், அது காத்தா, கிறுக்கா? ஒரு ராத்திரி ஒரு மாதிரி அடிக்கு, மறு ராத்திரி வேற மாதிரி அடிக்கு. நம்மூரு ஆடிக் காத்தே தேவல.”

சிரித்தான்.

“ஒங்க பழைய தகடெல்லாம் இருக்கா சார்? செத்த நேரம் ஒத்துப் பாத்துட்டுத் தந்திருதேன்.”

பீரோ அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. சாவி அதிலேயே தொங்கியது. அவன் திரும்பினால் என் பட்டம், வேலை, மரியாதை எல்லாம் போய்விடும் என்று பயந்தேன்.

“எல்லாம் ஒடஞ்சு போச்சுப்பா. ஒன் கருவியிலதான் கோளாறு. சரி பண்ணிட்டு மறுபடி படம் எடு.”

அவன் நம்பினான். திரும்பத் திரும்ப எடுத்தான். காற்று மாறிக்கொண்டே இருந்தது. கடைசியில் தனக்கு அளக்கத் தெரியவில்லை என்று முடிவுகட்டி, ஆய்வை விட்டுவிட்டு, ஆலங்குளம் பக்கம் சிமெண்டு ஆலைச் சோதனைக்கூடத்தில் சேர்ந்தான். அதன் பிறகும் வாசலில் சைக்கிள் மணி கேட்டால் அவன்தானோ என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பேன்.

தொண்ணூறுகளில், இத்தகைய காற்று நாளுக்கு நாள் மாறும் என்று வேறு சிலர் எழுதிய கட்டுரையை மதுரையில் படித்தேன். பயம் கூடியது. அந்த மாதமே ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் அவனைக் கண்டு ஒரு பேருந்துக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவன் சுற்றிக்கொண்டு வந்துவிட்டான்.

“சார், கட்டுரையப் பாத்தியளா? என் கருவியில கோளாறே இல்ல!” முகமெல்லாம் சிரிப்பு. “பாவம், ஒங்களுக்கும் தெரியாமப் போச்சு.”

அந்தப் ‘பாவம்’ என்ற சொல்லை என்னால் தாங்க முடியவில்லை.

“தெரியும்ப்பா. தகடு ஒடையல. வீட்டுலதான் இருக்கு.”

அவன் சிரிப்பு முகத்திலேயே சிறிது நேரம் நின்றது.

“காத்து மாறுனதக் காட்டுனது எத்தன தகடு சார்?”

“ஏழு.”

ஆலங்குளம் வண்டி புறப்பட்டது. ‘வாரேன் சார்’ என்று சொல்லாமலே ஏறிப் போனான்.