குக்கர் பன்னும் ஆதிநாராயணன் ஜுரமும்

ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரி குணசுந்தரி. ஒரு விஷயம் அவள் மண்டைக்குள் புகுந்துவிட்டால் அதை முடிக்கும்வரை அவளுக்கும் தூக்கம் கிடையாது, வீட்டில் மற்றவர்களுக்கும் கிடையாது. போன வருஷம் அப்படிப் புகுந்தது பன். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் மகள் ரம்யா, கம்பெனி பஸ்ஸில் பார்த்த வீடியோ ஒன்றை அம்மாவுக்குக் காட்டினாள். ஓவன் வேண்டாம், குக்கரிலேயே பன் சுடலாம் என்றது அது. காட்டியவள் மறந்துவிட்டாள். பார்த்தவள் மறக்கவில்லை.

முதல் தடவை ஈஸ்டைக் கொதிக்கிற பாலில் கொட்டினாள். அது அங்கேயே செத்தது, மாவு உப்பவே இல்லை. வெந்து வந்த கல்லை மாட்டுக்குப் போட்டாள். மாடு மோந்து பார்த்துவிட்டு வைக்கோல் பக்கம் திரும்பிக்கொண்டது. அன்று முழுக்க மாட்டோடு அவள் பேசவில்லை. அப்புறம் கை பழகிவிட்டது. விரல் பொறுக்கிற சூட்டில் பால் எடுத்தாள். மாவை அடித்துப் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடி, இரண்டு பங்காக உப்பும்வரை காத்திருந்தாள். கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிய குக்கரில் உப்பைப் பரப்பி, மேலே மாவு உருண்டைகள் அடுக்கிய தட்டை வைத்து மெல்லிய தீயில் விட்டாள். பன் பொன்னிறமாக வந்தது. மேலே வெண்ணெய் தடவினால் தெருவே மணத்தது.

புருஷன் ஆதிநாராயணன் மட்டும் மசியவில்லை. கழனியில் நெல் போடுகிற மனிதர். அவரைப் பொறுத்தவரை பன்னும் ரொட்டியும் ஆஸ்பத்திரிப் பண்டம். திடமாக இருக்கிறவன் அதைத் தின்றால் உடம்புக்கே அவமானம்.

"நான் இன்னா ஜுரத்துல படுத்துக்கினா கீறேன்? சோத்தப் போடு" என்பார்.

குணசுந்தரிக்கு அதுதான் தாங்கவில்லை. ரம்யா பாராட்டினாள், தெருவே பாராட்டியது. ஆனால் அவளுக்கு வேண்டியது இந்த ஒரு மனிதர் அதை வாயில் வைப்பது. கல்யாணமான நாளிலிருந்து எதையும் நன்றாக இருக்கிறதென்று சொல்லாத வாய் அது. குழம்பு பிடித்தால் இன்னொரு கரண்டி கேட்கும், அவ்வளவுதான். தின்று பார்க்காமலே ஒதுக்குகிறாரே என்று அவளுக்கு அழுகையே வந்தது.

ஒரு நாள் பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் வாசலில் நின்றாள்.

"இன்னா குணா, தெனம் பன்னு வாசன வருது. ஆருக்கு ஒடம்பு செரியில்ல?"

யாருக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். குணசுந்தரிக்குக் குறும்பு முந்திக்கொண்டது. பெருமூச்சு விட்டாள்.

"இவரு பன்னக் கூடத் தொட மாட்டேன்றாரு அத்த."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் குப்பம்மாள் காதில் ஏறிய சங்கதிக்கு மைக் செட் தேவையில்லை. சாயந்திரத்துக்குள் வீடு நிறைய ஆட்கள். ஆளுக்கொரு கடை ரொட்டி பாக்கெட், சிலர் கையில் சாத்துக்குடி. எல்லார் முகத்திலும் துக்கம்.

அந்த நேரம் பார்த்து, தோளில் மண்வெட்டியும் காலில் சேறுமாக வந்து நின்றார் நோயாளி.

"இந்த ஒடம்ப வெச்சிக்கினு கழனிக்கா போன, நைனா?" என்று ஒருவர் நெற்றியைத் தொட்டார். "ஐயோ, கொதிக்குது."

"வெயில்லேர்ந்து வரேன்டா."

யாரும் நம்பவில்லை. மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவர் மறுபடி வாயைத் திறப்பதற்குள் மோகன்ராஜ் உள்ளே வந்தான். பக்கத்துக் கழனிக்காரப் பங்காளி. வரப்புத் தகராறுக்குப் பிறகு இந்த வாசல் பக்கமே வராதவன். அவனைப் பார்த்ததும், எழப் போன ஆதிநாராயணன் மறுபடி உட்கார்ந்துவிட்டார். இவனே வந்துவிட்டான் என்றால் நமக்கு நிஜமாகவே ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

குணசுந்தரி டீயும் பன்னும் கொண்டுவந்து வைத்தாள். துக்கம் விசாரிக்க வந்த வாய்கள் மென்றன. மோகன்ராஜ் இரண்டாவதை எடுத்தான்.

"எந்தக் கடை அண்ணி இது?"

"நம்ம ஊட்டு குக்கர்ல சுட்டதுப்பா."

"அண்ணன் தொட மாட்டாராமே. அவரு பங்க எனக்குக் குட்த்துடுங்க" என்று தட்டில் மிச்சமிருந்த பன்னுக்குக் கையை நீட்டினான்.

பங்கு என்ற சொல் ஆதிநாராயணனைத் தூக்கிவாரிப் போட்டது. வரப்பில் கேட்டது போதாதென்று பன்னிலுமா கேட்கிறான்? பாய்ந்து எடுத்து, பாதியை ஒரே கடியில் வாய்க்குள் தள்ளினார். குணசுந்தரி கதவைப் பிடித்துக்கொண்டு அவர் தாடையையே பார்த்தாள். மென்றார், முழுங்கினார், மீதியையும் தின்றார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான். வந்தவர்கள் பத்தியம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். அவள் காலித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மனசு கனத்தது.

மறுநாள் காலை கழனிக்குப் போகாமல் சமையலறை வாசலில் வந்து நின்றார் ஆதிநாராயணன். புறங்கையால் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"லேசா ஜுரம் அடிக்கற மாரி கீது."

குணசுந்தரி திரும்பிப் பார்க்கவில்லை. உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "அலமாரில கடை ரொட்டி நெறைய கீது. பால்ல தொட்டுத் துன்னு."

அவர் ரொட்டி பாக்கெட்டுகளைப் பார்த்தார். முகம் சுளித்தார்.

"அதெல்லாம் சீக்காளிங்க துன்றது மே. நீ சுட்டதக் குடு."