பச்சைக்கொடியில் போன் எடுக்காதவர்

டெல்மர் ஸ்டீகல் ஆளை மாற்றிவிட்டாராம்.

என்னிடம் சொன்னது, காலைச் சாப்பாட்டுக் கடையில் காபி ஊற்றும் டார்லீன். அவளிடம் சொன்னது அவள் கொழுந்தன். கொழுந்தனிடம் சொன்னது ஜூனியர் ஏக்கர்ஸ். இந்த ஜூனியர் பந்தய மைதானத்தில் டெல்மருக்கு நேர் பின்வரிசையில் உட்காருகிறவன் என்பதால் செய்திக்கு ஒரு கண்கண்ட சாட்சியின் கனம் வந்துவிட்டது. "சத்தியமா சொல்றேன், அந்த மனுசன் ஸ்கேனர்ல முப்பத்தொண்ணு ஓடிட்டு இருந்துச்சாம். முப்பத்தொண்ணு!" என்று டார்லீன் கிசுகிசுத்தாள். அவள் கிசுகிசுத்தால் தெருவுக்கே கேட்கும். பக்கத்து மேசையில் ரொட்டியைக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தவர், தோய்த்த கையை அப்படியே நிறுத்திவிட்டார்.

தென்மேற்கு வர்ஜீனியாவின் இந்த மலையடிவார ஊரில் ஒருவர் மனைவியை மாற்றலாம். தேவாலயத்தை மாற்றலாம். கொஞ்சம் முணுமுணுப்பு இருக்கும், அடுத்த மழையோடு அடங்கிவிடும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கார்ப் பந்தயத்தில் தன் ஆள் என்று ஒரு ஓட்டுநரை வரித்துக்கொண்டவர், சாகும்வரை அந்த ஆளோடுதான் இருக்க வேண்டும். கல்லறைக்கல்லில் பெயருக்குக் கீழே கார் எண்ணைச் செதுக்கிக்கொண்டவர்கள் இங்கே உண்டு.

டெல்மரின் ஆள் லோனி பக்கெட். ஐம்பத்தெட்டாம் எண் கார். உள்ளூர்க்காரர், ஒரு காலத்தில் வென்றவர், இப்போது பெரும்பாலும் சுவரில் மோதுகிறவர். முப்பத்தொன்று டிரிப் ஹேவர்சனுடையது. கலிபோர்னியாப் பணக்கார வீட்டுப் பிள்ளை, பல்வரிசை விளம்பரத்துக்கென்றே செய்தது போலிருக்கும். பந்தயம் ஓடும்போது முப்பத்தொன்று தன் முன்னால் கடக்கும் ஒவ்வொரு சுற்றிலும் டெல்மர் எழுந்து நின்று கட்டைவிரலைக் கீழே கவிழ்த்து "ஊஊ" என்பார். அரை மைல் வட்டம், ஐந்நூறு சுற்று. அறுபத்து மூன்று வயதில் அவருடைய முழங்கால்கள் இன்னும் நன்றாக இருப்பதற்கு நான் கொடுக்கும் மாத்திரைகள் காரணமல்ல, இந்த வெறுப்புதான் காரணம்.

நான் மதுரைக்காரன், இந்த ஊர் மருந்துக்கடையில் மருந்தாளுநர். டெல்மர் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறார். வாரத்தில் ஐந்து நாள் மணிக்கு இருபத்தைந்து மைலைத் தாண்டாமல் ஊர்ந்து, கடைசி வாலையும் சீட்டில் உட்கார வைத்துவிட்டுத்தான் கியரைத் தொடுவார். பேருந்தின் மஞ்சள் நிறத்தைக் காட்டி, "என் தலையெழுத்தப் பாத்தியா தம்பி. பொழப்பு முழுக்க மஞ்சக்கொடியிலயே ஓடுது" என்பார். இந்தப் பந்தயத்தில் எங்காவது விபத்து நடந்தால் மஞ்சள்கொடி காட்டுவார்கள். எல்லாக் கார்களும் வேகத்தைக் குறைத்து ஊர்வலம்போல வரிசையில் போக வேண்டும். பச்சை காட்டினால் மறுபடி கொலைவெறி.

வெள்ளி இரவுகளில் அவருக்கு உயர்நிலைப் பள்ளிக் கால்பந்து. சனிக்கிழமை கல்லூரிக் கால்பந்து. குளிர்காலத்தில் கூடைப்பந்து, கோடையில் பேஸ்பால். எதுவும் இல்லாத ஒரு புதன்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். மரப்பலகை ஓட்டைக்குள் சோளமணி அடைத்த சின்னப் பையை எறியும் இரண்டு பேரைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டு, "நடுவருக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று கத்திக்கொண்டிருந்தார். "யாரு ஜெயிக்கிறா?" என்று கேட்டேன். "யாருன்னே தெரியாது. ஆனா அந்தச் சிவப்புச் சட்டைக்காரன் யோக்கியன் இல்ல."

முதல்முறை என்னைப் பந்தயத்துக்கு அழைத்துப் போனபோது, வெறுங்கையோடு போகக் கூடாது என்ற நம் ஊர் வளர்ப்பில் ஒரு பெரிய பொட்டலம் தோலோடு வறுத்த கடலை வாங்கிப் போனேன். சட்டையும் பச்சை. டெல்மர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பந்தயக்காரர்களுக்குக் கடலைத் தோலும் பச்சை நிறமும் எமன் என்று எனக்கு யார் சொன்னார்கள்? பொட்டலத்தை வெடிகுண்டுபோல இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வாகன நிறுத்தத்தின் கோடிவரை நடந்துபோய்க் குப்பைத்தொட்டியில் இறக்கிவிட்டு வந்தார். தன் பனியன் ஒன்றைக் கொடுத்தார். "உன்மேல தப்பில்ல தம்பி. ஆனா இன்னைக்கு லோனிக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, உன்மேலதான் தப்பு." லோனி மூன்றாம் சுற்றில் இன்ஜின் புகைந்து வெளியேறினார். டெல்மர் ஒரு வாரம் என் கடைக்கு வரவில்லை. ரத்த அழுத்த மாத்திரையைப் பக்கத்து ஊரில் வாங்கினார்.

அவருடைய விதிகளில் தலையாயது போன் பற்றியது. பச்சைக்கொடி பறக்கும்போது போன் எடுக்க மாட்டார். மஞ்சள் வந்தால் எடுப்பார். ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரர் விடாமல் அழைத்திருக்கிறார். மஞ்சள் வந்த பிறகு திருப்பிக் கூப்பிட்டால், டெல்மருடைய சொந்தக் கொட்டகை எரிந்து முடிந்திருந்தது. "எரியறது எரிஞ்சுதான ஆகணும்? நான் ஹலோன்னா அணைஞ்சிருமா?" என்று என்னிடம் நியாயம் கேட்டார். மதுரையிலிருந்து நேரங்கெட்ட நேரத்தில் போன் வந்தால் முதல் மணி முடிவதற்குள் எடுத்து, "என்ன ஆச்சு?" என்று அலறுகிறவன் நான். எனக்கு இவர் ஒரு கிறுக்கராகவும் தெரிந்தார், கொஞ்சம் மகானாகவும் தெரிந்தார்.

மகள் கெய்லாவுக்கு அவர் வெறும் கிறுக்கர்தான். காரணம் கல்யாணம். மாப்பிள்ளை வெஸ்லியின் வீட்டார் விவரம் தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துவிட்டார்கள், அதுவும் பந்தய ஞாயிறு. டெல்மர் மறுப்புச் சொல்லவில்லை. கோட்டுப் போட்டுக்கொண்டு, மகளைக் கைப்பிடித்துத் தேவாலயத்தின் நடுவே கம்பீரமாக நடந்து வந்தார். "இந்தப் பெண்ணைக் கொடுப்பவர் யார்?" என்று போதகர் கேட்டார். டெல்மரின் முகம் சிவந்தது. கண் கலங்கியது. சபையே உருகியது. "அந்தக் கலிபோர்னியா நாயி லோனியச் செவுத்துல சொருகிட்டான்யா!" என்றார் டெல்மர். வலது காதில், காது முடிக்குள் மறைத்து, பந்தய வர்ணனை ஓடும் ஒரு சின்ன இயர்போன் இருந்தது.

அன்றிலிருந்து கெய்லா அவரோடு பேசுவதில்லை. அம்மா நெல்டாவோடு மட்டும் போன். வீட்டுப் போனை டெல்மர் எடுத்தால் வைத்துவிடுவாள். போதாக்குறைக்கு மறு வருடமே வெஸ்லிக்குப் பந்தயக் குழு ஒன்றில் வேலை கிடைத்தது: பெட்ரோல் போடவும் சக்கரம் மாற்றவும் கார்கள் ஒதுங்கும் ஓரச்சாலைக்குள் கார் வந்து நின்றதும் சுவரைத் தாண்டிக் குதித்து, கண்மூடித் திறப்பதற்குள் முன்சக்கரம் மாற்றுகிற வேலை. எந்தக் காருக்கு என்று சொல்ல வேண்டுமா? முப்பத்தொன்றுக்கு. "அந்த நம்பர என் வீட்டுக்குள்ள எவனும் சொல்லக் கூடாது" என்று டெல்மர் உத்தரவு போட்டார். நெல்டா முப்பதுக்கு அடுத்து முப்பத்திரண்டு என்று எண்ணப் பழகிக்கொண்டாள்.

வதந்தியைக் கேட்ட மறு ஞாயிறு நானும் அவரோடு மைதானத்தில் இருந்தேன். கெய்லா சிறுமியாக இருந்தபோது உட்கார்ந்த இருக்கையில் இப்போது நான். டெல்மருடைய மடியில் ஸ்கேனர். ஓட்டுநரும் அவருடைய ஆட்களும் வானொலியில் பேசிக்கொள்வதை ரசிகர்கள் காசு கொடுத்து ஒட்டுக்கேட்கும் சின்னப் பெட்டி அது. ஒரே பெட்டியிலிருந்து இரு காதையும் மூடும் காதுக்குடுவை அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. பெரும்பாலும் லோனியின் புலம்பல்தான் கேட்கும்: "காரு வளைய மாட்டேங்குது, நான் என்ன பண்றது, இறங்கித் தள்ளவா?"

ஓரச்சாலைக்குள் கார்கள் நுழைந்ததும் டெல்மரின் விரல் தானாக ஸ்கேனரின் திருகைத் திருப்பியது. திரையில் 31. காதுக்குள் வேறொரு குரல்: "வரான், வரான்... வெஸ்லி, முன்பக்கம் பாத்து... சபாசு கண்ணா, போ போ போ!" சக்கரம் மாற்றி முடிந்த நொடியில் திருகு மறுபடி ஐம்பத்தெட்டுக்கு வந்துவிட்டது. முப்பத்தொன்று எங்கள் முன்னால் சீறிக்கொண்டு போனபோது டெல்மர் எழுந்து கட்டைவிரலைக் கவிழ்த்து முன்பைவிடப் பெரிதாக "ஊஊ" என்றார்.

பின்வரிசையிலிருந்து ஜூனியர் குனிந்தான். "யோவ் டெல்மரு, இன்னைக்கு எந்தக் கட்சி?"

"உளவு பாக்கறேன்டா வெண்ண. எதிராளி வீட்ல என்ன கொதிக்குதுன்னு தெரிய வேணாமா?"

"சக்கரம் மாத்தும்போது மட்டும் கொதிக்குமோ?"

"உன் வாயில ஹாட்டாக் ரொட்டிய வெச்சு அடைச்சுக்க."

என்னிடம் மட்டும், காதுக்குடுவையின் ஒரு பக்கத்தைத் தூக்கி, சொன்னார். "கை வேகந்தான் பயலுக்கு. நெல்டாகிட்ட சொல்லிறாத." நெல்டா அன்று சார்லட்டில் கெய்லாவின் வீட்டில் இருந்தாள். கெய்லாவுக்கு இந்த மாதம் பிரசவம். தாத்தாவாகப் போகிறவருக்கு அழைப்பு இல்லை.

மதியம் சாய்ந்த பிறகு, பச்சைக்கொடி ஓட்டத்தின் நடுவிலேயே, கார்கள் மறுபடி ஓரச்சாலைக்கு வந்தன. திருகு 31-க்குப் போனது. முப்பத்தொன்றின் இடத்துக்கு நேர் பின்னால் ஐம்பத்தெட்டின் இடம். லோனி வேலை முடிந்து, அவசரமாக வெளியே வளைந்தார். முப்பத்தொன்றின் வெளிப்பக்கத்தில் மண்டியிட்டிருந்த ஒரு வெள்ளை உடுப்பு, லோனியின் கார் இடித்து, தூக்கி எறிந்த துண்டுபோல மேலே போய்க் கீழே விழுந்தது.

"ஆளு விழுந்துட்டான்! வெஸ்லி! வெஸ்லி விழுந்துட்டான்!"

அப்புறம் காதுக்குள் வெறும் இரைச்சல். ஓரச்சாலை எங்களுக்கு எதிர்ப்புறம். ஓடிவந்தவர்களின் முதுகுகள் மட்டும்தான் தெரிந்தன. மைதானத்தின் பெரிய திரையில் ஏதோ பற்பசை விளம்பரம் போய்க்கொண்டிருந்தது.

டெல்மரின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். திரையில் கெய்லாவின் படம், தன் தலையைவிடப் பெரிய காதுக்குடுவை மாட்டிய சிறுமியாக. கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பெயர் அந்தப் போனில் வருவது இதுதான் முதல் தடவை. அவளும் வீட்டில் விளம்பரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். விழுந்தவனைக் காட்டியிருப்பார்கள், எழுந்தானா என்று காட்டியிருக்க மாட்டார்கள். இந்த மைதானத்தில் அவள் கூப்பிட்டுக் கேட்கக்கூடியவர் இவர் ஒருவர்தான்.

போன் அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது.

காதுக்குள் ஒரு இளங்குரல் நடுங்கியது. டிரிப் ஹேவர்சன், காருக்குள்ளிருந்து. "வெஸ்லி எப்படி இருக்கான்? காரு கெடக்கட்டும், அவனப் பத்திச் சொல்லுங்கய்யா. யாராச்சும் சொல்லுங்க."



கொடிக்கம்பத்தின் மேல் மஞ்சள் விரிந்தது. கார்கள் வேகம் தணிந்து வரிசைக்கு வந்தன. அவ்வளவு சத்தத்துக்குப் பிறகு மனிதக் குரல்கள் கேட்கத் தொடங்கின. ஜூனியர் எட்டி டெல்மரின் தோளைத் தொட்டான். அவன் குரலில் கேலி இல்லை. "மஞ்சள் வந்துருச்சுண்ணே. எடுங்க. பொண்ணுதான?"

"எடுத்து என்னத்தடா சொல்றது?" என்றார் டெல்மர்.

லோனியின் கார் எங்கள் முன்னால் மெதுவாகக் கடந்தது. டெல்மர் தலை நிமிரவில்லை. தொப்பி நழுவிக் காலடியில் கிடந்தது. அழுக்கேறிய, ஒருபோதும் துவைக்காத ஐம்பத்தெட்டுத் தொப்பி. இடது கை காதுக்குடுவையைக் காது நசுங்கும்படி அழுத்திக்கொண்டிருந்தது. வலது கையில் போன் அடித்துக்கொண்டேயிருந்தது. முப்பத்தொன்றைப் பார்த்துக் கவிழ்ந்து கவிழ்ந்தே பழகிய கட்டைவிரல், திரையில் மினுங்கிய பச்சைப் பொத்தானுக்கு மேலே, தொடாமல், நின்றுகொண்டிருந்தது.